ஒரே ஒலி, பல வேர்: கொரியாவின் 'ஹன்'

'அப்பா', 'நாள்' எல்லாம் கொரிய மொழியிலும் இருக்கிறது, ஆகவே தமிழும் கொரியமும் உறவு என்று நமக்கெல்லாம் அடிக்கடி செய்தி வரும். எனக்கும் ஆசைதான். ஆனால் 'ஹன்' என்ற ஒற்றை அசையைப் பார்த்த பிறகு கொஞ்சம் நிதானித்தேன்.

'ஒன்று' என்பதற்குக் கொரியத்தில் 'ஹனா'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'ஹன்'. நம் 'ஒன்று', 'ஒரு' ஆவது போலத்தான். இது அவர்களின் சொந்தச் சொல். சீன எழுத்து வழியாக வந்த ஹன்கள் வேறு. குளிர் ஒரு ஹன், எல்லை ஒரு ஹன், ஆறாத மனக்குமுறலும் ஒரு ஹன்.

நாட்டின் பெயர் ஹன்குக். மாஹன், ஜின்ஹன், பியோன்ஹன் என்ற பழைய மூன்று கூட்டமைப்புகளை நினைவூட்டும் பெயர். 1897-ல் மன்னர் கோஜோங் நாட்டை 'தேஹன்' பேரரசாக அறிவித்தார். சோல் நகரின் நடுவே ஓடும் ஹன் ஆற்றுக்கோ வேறு எழுத்து. சீனாவின் ஹான் வம்சத்துக்கு எழுதும் அதே எழுத்து!

மரபு மருத்துவத்தின் பெயரையும் அந்தச் சீன ஹன்னில்தான் எழுதி வந்தார்கள். 1986-ல் சட்டத்தைத் திருத்தி, நாட்டைக் குறிக்கும் ஹன்னுக்கு மாற்றினார்கள். உச்சரிப்பு மாறவில்லை. கொரிய எழுத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் சீன மருத்துவம் கொரிய மருத்துவம் ஆகிவிட்டது.

ஒரு மொழிக்குள்ளேயே ஒரே ஒலிக்கு இத்தனை வேர்கள். அப்படியிருக்க, இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒலியை மட்டும் நம்பி உறவு கொண்டாடலாமா? பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.