மிளகாய்: வந்த காயும் இருந்த பெயரும்

ஊரிலிருந்து பொதி வந்தால் அதற்குள் அம்மா வறுத்து இடித்த தூள் இருக்கும். அதைப் பிரித்து மணந்து பார்த்த சுங்க அதிகாரிக்கு, "இது எமது பரம்பரைச் சாப்பாடு" என்று விளக்கம் சொன்னவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பரம்பரையின் வயதைச் சற்றுப் பார்ப்போம்.

மிளகும் காயும் சேர்ந்ததே மிளகாய். மிளகுபோல் உறைக்கும் காய். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492 இல் ஆசியாவின் வாசனைச் சரக்குகளைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் அதைக் கண்டு மிளகின் பெயராலேயே குறித்தார். 1498 இல் கள்ளிக்கோட்டைக்கு வழி கண்ட போர்த்துக்கேயரின் கப்பல்களில், 16ஆம் நூற்றாண்டில் அது எமது கரைகளுக்கு வந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியவர்களும் அவர்களே. ஆட்சி போயிற்று; காய் நின்றுவிட்டது.

அதற்கு முன் எமது சமையலுக்கு உறைப்புத் தந்தவை மிளகும் திப்பிலியுமே. சங்கப் பாடல்களில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர். யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது.

புதிய காய் வந்ததும் பெயர்கள் இடம் மாறின. சிங்களத்தில் 'மிரிஸ்' என்ற பெயர் மிளகாய்க்குப் போக, மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் ஆயிற்று. மலையாளத்தில் முளகு என்றால் இன்று மிளகாய்; பழைய மிளகு குருமுளகு. தமிழில் மிளகு தன் பெயரை விட்டுவிடவில்லை. வந்ததற்குக் 'காய்' ஒட்டி இடம் கொடுத்தது. மட்டக்களப்பார் சொல்லும் கொச்சிக்காயில் கொச்சித் துறைமுகத்தின் பெயர் இன்னும் இருக்கிறது.

நாம் வாழும் நாடுகளின் கதையும் வேறல்ல. ஆங்கிலத்தின் பெப்பர், பிரெஞ்சின் புவாவ்ர் எல்லாம் இலத்தீன், கிரேக்கம் வழியாகப் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து போனவை. பிப்பலி என்பது எமது திப்பிலி. ஆக, அவர்களுடைய மிளகும் திப்பிலியின் பெயரில்தான் உலாவுகிறது.

இங்கே பிறந்த எமது பிள்ளைகளிடம், "உண்மையில் எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். எமக்கு வலிக்கிறது. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்து தமிழே பேசியவர்கள், யாழ்ப்பாணத்தைவிட்டுச் சில மணித்தியால அவகாசத்தில் போக வேண்டியிருந்தது. எம்மில் அநேகர் வாய் திறக்கவில்லை.

கடல் கடந்து வந்த காய்க்குப் பெயரும் கொடுத்து அடுப்படியில் இடமும் கொடுத்தவர்கள் நாம். பக்கத்து வீட்டாருக்கு அதை மறுத்தபோது பேசாதிருந்தவர்களும் நாமே. அடுத்த பொதியைப் பிரிக்கும்போதாவது இதை நினைத்துப் பார்ப்போம்.