ஆவியுலகக் கொள்கையும் தமிழர் பெற்ற பயனும்

இறந்தாருடன் இருப்பார் உரையாடலாம். அதற்கு இடைநின்று உதவும் ஆற்றல் சிலருக்கு உண்டு. இதுவே மேனாட்டார் ஸ்பிரிச்சுவலிசம் என வழங்கும் ஆவியுலகக் கொள்கை. நாம் ஆன்மிகம் என்பது வேறு; இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர்.

1848-இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், பாக்ஸ் குடும்பத்துச் சகோதரியர் தம் இல்லத்தில் எழும் தட்டொலியை ஆவியின் மறுமொழி என்றனர். பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் மைந்தரைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல இக்கொள்கையைப் பற்றிக்கொண்டன. அச்சகோதரியருள் ஒருவரான மார்கரெட், அவ்வொலி கால்விரல் மூட்டுகளால் எழுப்பியதே என 1888-இல் மேடையேறி உரைத்தார்; மறு ஆண்டே அவ்வுரையை மறுத்தும் விட்டார்! எனினும் துயருற்றோரை நகையாடுதல் நமக்கு அழகன்று. அமாவாசையில் முன்னோர்க்குப் படையலிடும் மரபினர் அல்லமோ நாம்?

1874-இல் வெர்மாண்ட் மாநிலப் பண்ணை வீடொன்றில் ஆவிகள் தோன்றுவதாகக் கேள்வியுற்று, ஆராய்ந்து பத்திரிகைக்கு எழுதச் சென்றார் கர்னல் ஆல்காட். அங்கேதான் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் பிரம்மஞான சபை தோன்றியது; 1882-இல் அதன் தலைமையிடம் சென்னை அடையாற்றில் அமைந்தது. ஆவிகளைத் தேடிப் புறப்பட்டவர் இங்கே கண்டது, பள்ளி வாயிலில் தடுக்கப்பட்ட சிறுவர்களை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகட்கு 1894-இல் இலவசப் பள்ளி நிறுவினார். ஆவிகள் உரைத்தனவாகக் கூறப்படும் அனைத்தினும் இஃதே பெரிதென்பது நம் கருத்து.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையை நாடிக் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். மீண்டு வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அவ்வாண்டில்தான் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர், கண்டோன்மென்டின் நெரிசலைத் தணிக்க வகுத்த குடியிருப்பே நம் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910-இல் பெற்றது. சாவு வீடுதோறும் நுழைந்த அக்காலத்தை அடுத்து, பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழரிடையே பண்டிதரின் சங்கம் கிளைத்தது. 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் சாதி, வரலாறு, கல்வி ஆகியவற்றை எளியோர்முன் வைத்து வாதிட்டது. 1914-இல் அவர் மறைந்தார். 'தமிழன்' பின்னாளில் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது.