அம்பரப்பர் மலையடியில்

என் அக்காள் மகன் பௌதிகம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ஒருநாள், "மாமா, உங்கள் கதைகளில் அடிக்கடி பிரபஞ்ச ரகசியம் என்று எழுதுகிறீர்களே, அது வெறும் இழைதான், தெரியுமா?" என்றான். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகத்திடமிருந்து தப்பிப் பிழைத்து, கல்லூரியிலும் இரண்டு வருஷம் காலம் தள்ளிவிட்டு வெளியே வந்தவன். ஆனாலும் மருமகனிடம் விட்டுக் கொடுக்கலாமா? "தெரியாமல் என்ன!" என்று சொல்லி வைத்தேன். அதன் பலன், மூன்று மாதம் இழைக் கொள்கைப் புஸ்தகங்களோடு மல்லாட வேண்டி வந்தது.

எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். வீணையில் ஒரே தந்தி பல ஸ்வரங்களைத் தருகிறதல்லவா? அதுபோல எலெக்ட்ரான், போட்டான் என்று நாம் பெயர் வைத்திருக்கும் துகள்கள் எல்லாம் ஒரே இழையின் வெவ்வேறு அதிர்வுகள். 1968-ல் வெனிசியானோ என்ற இத்தாலியர் துகள்கள் மோதுவதற்கு ஒரு சூத்திரம் கண்டார். அதற்கு அர்த்தம் தேடியவர்களில் ஒருவரான நம்பு, துகள் என்பது புள்ளியல்ல, இழை என்றார். (நம்பு என்பது ஒரு ஜப்பானியரின் பெயர், வாசகர்களுக்கு நான் இடும் கட்டளை அல்ல.) ஆனால் அந்த இழையை யாரும் பார்த்ததில்லை. ஒரு சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின்னால் 33 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்தால் அதன் நீளம் கிடைக்கலாமாம். போதாததற்குப் பத்துப் பரிமாணம் வேறு வேண்டும் என்கிறார்கள். எனக்கு மூன்றே அதிகம்.

பார்க்க முடியாததை விட்டுவிட்டு, பிடிக்கக் கூடியது ஏதாவது உண்டா என்று தேடினேன். அந்தத் தேட்டம் என்னைப் போடிநாயக்கனூரில் கொண்டு விட்டது.

போடியில் இறங்கியதுமே ஏலக்காய் வாசனை வரவேற்கும். மலையில் விளைவதும் ஏலம், கீழே அதை விற்பதும் ஏலம்! விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கொண்டு பெண்கள் தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். ஊருக்குள் வேறு பெண்கள் காயைச் சலித்து, பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். அந்தச் சல்லடையைப் பார்த்தபோதுதான், புஸ்தகங்களில் புரியாத ஒரு விஷயம் எனக்குப் பளிச்சென்று விளங்கியது.

நியூட்ரினோ என்ற துகளை முதலில் கற்பனை செய்தவர் பௌலி. 1930-ல், சில அணுக்கள் சிதையும்போது சக்திக் கணக்கு உதைத்ததால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதைத் திருடிக் கொண்டு போகிறது என்று கடிதம் எழுதினார். திருடன் அகப்பட 1956 ஆயிற்று. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் கட்டை விரல் நகத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் 6,000 கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள் போகின்றன. நகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அவற்றில் ஒன்றைப் பிடிப்பதென்றால், வானத்திலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சலை நிறுத்தியாக வேண்டும். அதற்குத்தான் மலை. பாறை பெரிய சல்லடை. மற்றவை மேலேயே தங்கிவிடும். நியூட்ரினோ மட்டும் உள்ளே இறங்கும்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. கோலார் தங்க வயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். உலகத்திலேயே இவைதாம் முதல். கோலார் பாறைக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

பிறகு வேறு மலை தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா பார்த்தார்கள். அது யானையும் புலியும் நடமாடும் இடம் என்று 2009-ல் மத்திய அரசு மறுத்தது. அப்புறம்தான் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். அம்பரப்பர் மலைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் குகை குடைந்து, 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கிக் காந்தமாக்கி வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சம்மதித்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோவுக்கு எடையே இல்லை என்றிருந்த பழைய கணக்கு, 1998-ல் ஜப்பானில் பொய்த்துப் போயிருந்தது. மூன்று வகை நியூட்ரினோவில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதே இங்கே நோக்கம். நியூட்ரினோவுக்கு எடை இருப்பது, பழைய பௌதிகத்தில் கண்ணால் காணக்கூடிய ஓட்டைகளில் ஒன்று என்று சொல்லலாம். இழைக்காரர்களுக்கும் அதில் ஆவல் உண்டு.

வேலை நடக்கவில்லை. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தது ஒரு காரணம். (என் பௌதிக நிலைக்கு அந்தச் சோலையின் பெயர் எவ்வளவு பொருத்தம்!) 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் போக்குவரத்தையும் நீர்வளத்தையும் காட்டி, இடம் தர முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது.

மலையடியில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பேப்பர்க்காரவுகளா தம்பி?"

"இல்லை ஐயா, கதை எழுதுகிறவன்."

"அப்பச் சரி. அந்தத் துகளு நம்ம மேலே பட்டா சீக்கு வருமாமே?"

"இப்போதும் பட்டுக் கொண்டுதான் இருக்கிறது, ஐயா. எழுபது வருஷமாக உங்கள் மேல் படுகிறதே, என்ன ஆயிற்று?"

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஏலக்காய்ச் சல்லடையைச் சொல்லி விளக்கினேன். என்னைவிடச் சீக்கிரம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கூட்டம் போட்டாக, படம் காட்டினாக. இப்படி யாரும் சொல்லலை" என்றார். நான் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சொல்லியிருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன் தம்பி. வெடி வச்சா ஊத்துத் திசை மாறிரும். துகளு பயம் வேற, தண்ணி பயம் வேற."

இரண்டையும் ஒன்றாகக் கலந்து கோஷம் போட்டவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய படிப்பாளிகளும் உண்டு. சென்ற வருஷம் வரை நான் இரண்டாவது கட்சி.

ஊர் திரும்பியதும் மருமகனிடம் சொன்னேன். அவனுக்கு வருத்தம். சீனாவில் இதே எடை வரிசைக் கேள்விக்காக, பூமிக்கடியில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தை நிரப்பி 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நாம் வேலியோடு நிற்கிறோம் என்றான். அவன் வருத்தம் நியாயம்தான். அங்கே குகை தோண்டும்போது தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னான்: எதிர்பாராத அளவு நிலத்தடி நீர் புகுந்து, வேலை தாமதப்பட்டதாம்.

பெரியவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அடுத்த முறை போடிக்குப் போகும்போது சொல்ல வேண்டும்.