உண்ணிச்செடியும் மிஷன் தோட்டமும்

சாலொமோனுடைய தர்ஷீஸ் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் யானைத் தந்தமும் குரங்குகளும் மயில்களும் கொண்டுவந்தன என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. அங்கு மயிலைக் குறிக்க வரும் எபிரெயச் சொல் நம் 'தோகை' என்னும் சொல்லோடு உறவுடையது என்பதைக் கால்டுவெல் தாம் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். அச்சொல்லுக்கு வேறு பொருள் கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், குளிர்காலத்தில் சிற்சில ஆண்டுகள் பனியும் பொழியும் மலைநகராகிய எருசலேமுக்கு வெப்பநாட்டு உயிர்கள் அரசனின் பெருமைக்காகக் கொண்டுசெல்லப்பட்டன என்பது தெளிவு.

அம்மயில்கள் அங்கே பெருகியதாகத் திருமறையில் செய்தியில்லை. ஆனால், அரசர் எவரும் அழைக்காமலே, கூண்டுப் பறவை வாணிபத்தின் வழியாகச் சென்ற நம் பச்சைக்கிளியும் மைனாவும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்ரவேல் நாட்டில் கூடு கட்டலாயின. மைனாவின் பெருக்கம் 1990களின் பிற்பகுதியில் டெல் அவீவ் நகரப் பூங்காவொன்றிலிருந்து தொடங்கிற்று. இவ்விரண்டும் மரப்பொந்துகளைக் கைப்பற்றிக்கொள்வதால், அந்நாட்டார் 2008இல் தங்கள் தேசியப் பறவையாகத் தெரிந்துகொண்ட கொண்டலாத்திக்குக் கூடு வைக்க இடம் குறைகிறது என்று பறவை நூலார் எழுதுகின்றனர்.

அயல்நாட்டுச் செடியும் பறவையும் புதிய நகரில் வேரூன்றும் வரலாற்றை அரசரோடும் வணிகரோடும் சேர்த்தே எழுதுவது வழக்கம். அவ்வரலாற்றில் மிஷனெரிமாருக்கும் பங்குண்டு. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எண்ணும் நம் சபை வரலாறுகள் தோட்டத்து வேலியை எண்ணுவதில்லை. இக்குறையை நாம் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக நாட்றாம்பாளையம் வரை சென்று நோக்கலாம்.

தரங்கம்பாடி மிஷனில் செடிகொடி ஆராய்ச்சி பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. 1768இல் அங்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயுவின் மாணாக்கர். 1776இல் வந்த ராட்லரைத் தமிழ் அகராதிக்காரராகவும் பொது ஜெபப் புத்தகத்தை மொழிபெயர்த்தவராகவும் நாம் அறிவோம். அவர் சேகரித்த உலர்செடிகளோ இன்றும் கியூ தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. செராம்பூரில் வில்லியம் கேரி ஐந்து ஏக்கர் அளவில் தோட்டம் வளர்த்ததும், 1820இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவியதும் மாணவர் அறிந்தவையே. இங்கிலாந்திலிருந்து வந்த விதைப்பையின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை அவர் ஒரு நிழலிடத்தில் உதறிவைக்க, அதிலிருந்து தம் ஊர் டெய்சிப் பூ முளைத்தது கண்டு உள்ளம் பூரித்தார். இந்நிகழ்ச்சியை அருளுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். வீட்டை விட்டு வந்தவனுக்கு வீட்டுப் பூ தரும் ஆறுதல் அதிலுண்டு. அதே வேளையில், ஒரு பிடி மண்ணில் எவ்வளவு வரக்கூடும் என்பதற்கும் அது சான்று.

இவ்வணியில் நாம் மறந்துவிட்டவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடியிலிருந்த மொரேவிய மிஷனோடு இந்தியாவுக்கு வந்து, பின்னர்க் கம்பெனியின் தாவரவியலரானவர். 1799இல் திப்பு வீழ்ந்தபின், ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டம் இவர் பொறுப்பில் வந்தது. அதற்கு முன்னரே திப்பு பாரசீகத்திலிருந்தும் மொரீஷியசிலிருந்தும் செடிகளை வரவழைத்திருந்தார். ஆகவே அயல்நாட்டுச் செடிகள் மீது ஆசை வெள்ளையருக்கே உரியது என்று எழுதுவது முறையன்று. எனினும், மிஷனின் வழியே வந்த ஒருவர் அரசின் தோட்டத்துக்குக் காவலரானது, அக்காலத்தில் சமயப்பணிக்கும் கம்பெனிப் பணிக்கும் இடையிலிருந்த வேலி எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் காட்டுகிறது.

1809இல் பிரிட்டிஷ் படை சீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூர் அல்சூருக்கு அருகே கன்டோன்மென்ட் அமைத்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊர், இதமான குளிர், சென்னையில் வாடும் செடி அங்கே செழித்தது. படையோடு சென்ற தமிழர் அங்கே திருச்சபைகளாயினர். 1898இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. லால்பாக்கில் 1874 முதல் கேமரனும், 1908 முதல் ஜெர்மானியரான கிரும்பிகலும் கண்காணிப்பாளராய் இருந்தனர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி தெருக்களை அமைக்கும் முறை கிரும்பிகலுடையது. தென் அமெரிக்க ஜக்கரண்டா, மடகாஸ்கரின் செம்மயிற்கொன்றை, ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக், அமெரிக்கத் தூங்குமூஞ்சி மரம் ஆகியவை பங்களாத் தெருக்களின் அடையாளமாயின. மெக்சிகோ பக்கத்துக் காயொன்று நம் சமையலறையில் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றே குடியுரிமை பெற்றுவிட்டது. 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் பயின்ற போதகர் பலருக்கு அந்நிழற்சாலைகள் நினைவிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை நட்ட இடத்தில் நின்றன.

நில்லாமற் போனது உண்ணிச்செடி. லண்டானா என்பது அதன் தாவரப் பெயர். வெப்ப அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியத் தோட்டங்களில் கலப்பினமாக்கப்பட்டு, பெங்களூர்க் கன்டோன்மென்ட் தொடங்கிய அதே 1809ஐ ஒட்டிக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. பின்னர்ப் பாளையங்களிலும் பங்களாக்களிலும் வேலியாயிற்று. வேலிக்கு என்ன வேண்டும்? முள் வேண்டும், மாடு மேயலாகாது, வெட்டினால் தழைக்கவேண்டும், ஆண்டு முழுவதும் பூத்தால் இன்னும் நன்று. இந்நான்கும் அதற்குண்டு. காட்டைப் பாழ்படுத்தியவையும் இந்நான்கே. இலையில் நச்சுத்தன்மை உள்ளது; உண்ட மாட்டின் ஈரல் கெடும். கறுத்துப் பழுத்த கனிகளையோ சின்னானும் மைனாவும் விரும்பித் தின்று, விதைகளை வேலிக்கப்பால் எச்சமிடுகின்றன. தோட்டம் பறவைக்கு விருந்து வைத்தது; பறவை தோட்டத்தைக் காட்டுக்குக் கொண்டுபோயிற்று. செம்மீசைச் சின்னானே 1892இல் மொரீஷியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கும் அயற்செடிகளின் விதையைப் பரப்பும் பறவையாயிற்று.

நாட்றாம்பாளையம் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் உள்ளது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி, கேழ்வரகும் அவரையும் கொள்ளும் மானாவாரியாக விளையும், காட்டுக்கப்பால் காவிரி. இம்மலைச் சரிவுகளில் புல் இருந்த இடங்களை உண்ணிப் புதர் மூடியுள்ளது. 'சீமை' என்னும் அடைமொழியைக் கருவேலுக்கும் அகத்திக்கும் கொடுத்த நம் மக்கள் இதற்குக் கொடுக்கவில்லை. தொன்றுதொட்டு இருந்த செடிபோலவே பேசுகின்றனர். மறதிக்கு மொழி தரும் சான்று இது.

இங்கு ஒரு நீதி வழங்கப்படவேண்டும். 1899இல் குடகில் சந்தன மரங்களின் இலைகள் சிறுத்து, விறைத்து, மரம் பட்டுப்போகும் ஸ்பைக் நோய் கண்டறியப்பட்டது. அது பின்னர்த் தேன்கனிக்கோட்டைக் காடுகளிலும் பரவிற்று. அக்காலத்தில் குடகெங்கும் உண்ணிச்செடி பெருகிக்கொண்டிருந்ததால், பழி அதன்மேல் விழுந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இப்பகுதிக் காடுகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1969இல்தான் நோய்க்குக் காரணம் மரத்தின் சாற்றுக்குழாய்களில் வாழும் நுண்ணுயிர் என்று தெரிந்தது. செய்யாத குற்றத்துக்குப் பல்லாண்டு பழி சுமந்த செடி, செய்த குற்றத்துக்கு நெடுங்காலம் விசாரிக்கப்படவில்லை. 1921இல் அதன் விதையைக் கெடுக்கும் ஈயொன்றை வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விட்டும் பயனில்லை.

2020இல் வெளியான ஆய்வொன்று, இந்தியக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் உண்ணிச்செடி பரவியுள்ளதாகக் கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் படர்செடிகள் பற்றிய கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் இப்பகுதிக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவுயிர்ப் புகலிடம் அறிவிக்கப்பட்டது. ஆனால் காட்டில் யானை புல்லையும் மூங்கிலையும் தேடுகிறது. உண்ணிப் புதரை உண்பதில்லை. கேழ்வரகு முற்றும் மாதங்களில் யானைகள் வயலுக்கு இறங்குகின்றன. சாலைகள், கல்குவாரிகள், ஓசூரின் வளர்ச்சி என வேறு காரணங்களும் உண்டு. முழுப் பழியையும் மீண்டும் ஒரு செடியின்மேல் போடுவது நேர்மையாகாது. எனினும், பரண்மேல் இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் மிதிபட்ட கதிர்களைக் காணும் உழவனிடம் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கேட்கும் போதகர், அந்த இழப்பின் வரலாறு எந்தத் தோட்டங்களில் தொடங்கியது என்பதை அறிந்திருக்கவேண்டும்.

காவிரியின் அக்கரையில், மாதேசுவரன் மலையில் வாழும் சோளகர் இச்செடியின் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து நாற்காலிகளும் கூடைகளும் முடைகின்றனர். நீலகிரிப் பகுதியில் பழங்குடி மக்கள் அதே தண்டைக்கொண்டு உயிருள்ள யானையின் அளவிலேயே உருவங்கள் செய்தனர். 2021இல் அவற்றுட் பல கப்பலேறி, லண்டன் மாநகரின் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 1970 முதல் அந்நகரத்தில் காட்டுப் பறவையாகவே கூடு கட்டி வாழ்ந்துவரும் நம் பச்சைக்கிளிகள் அப்போது அங்கே கூட்டங்கூட்டமாய்ப் பறந்துகொண்டிருந்தன.