கிழிந்த ஸ்வெட்டரின் கை

நாய்க்கு ஸ்வெட்டர் என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். வருஷம் முழுக்க வேர்த்துக்கொட்டும் ஊரில் இருந்துகொண்டு வேறென்ன செய்வது? பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஆனால் பழைய ஸ்வெட்டரை வெட்டி நாய்க்குப் போடும் வேலை ஏழ்மையோடும் பற்றாக்குறையோடும் சேர்ந்து வளர்ந்தது. அதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு (இன்ஜினியர் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்). உடம்பு சூட்டை உண்டாக்குவது அதன் கொள்ளளவில், இழப்பது தோலின் பரப்பில். நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியானால் பரப்பு நாலில் ஒன்றாகும், கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் குளிரைத் தாங்க வேண்டிய தோல் இரண்டு மடங்கு. சின்ன நாய் நடுங்குவது செல்லம் கொஞ்சுவதற்காக இல்லை.

விப்பெட் என்கிற ஒல்லி நாயைப் பாருங்கள். முடி குட்டை, தோலுக்கடியில் கொழுப்பே கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதை வளர்த்துப் பந்தயம் விட்டார்கள். எல்லைக்கோட்டில் நின்று சொந்தக்காரர் ஒரு துணியை ஆட்டுவார், நாய் அதை நோக்கிப் பறந்து வரும். ‘ஏழையின் பந்தயக் குதிரை’ என்று அதற்குப் பெயர். ஓடாத நேரத்தில் அதன் முதுகைப் போர்த்தி வைத்தார்கள். சுரங்கக் கூலியில் வாழ்கிறவன் அதுக்காகப் புதுத் துணியா வாங்குவான்?

இனி 1939. செப்டம்பர் 3ஆம் தேதி போர் அறிவிப்பு. விமானத் தாக்குதலின்போது விலங்குகளை என்ன செய்வது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்திருந்தார்கள். அது வெளியிட்ட துண்டறிக்கை, வீட்டு விலங்குகளைக் கிராமத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்றது. கட்டளை கிடையாது, வெறும் ஆலோசனைதான். அப்போது லண்டனில் ஒரு குண்டுகூட விழவில்லை. இருந்தும் முதல் வாரத்திலேயே லண்டனில் சுமார் 4,00,000 நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதுகிறார். மருத்துவமனை வாசல்களில் மக்கள் தாங்களே கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். இந்தக் காட்சியை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

நாயை வைத்துக்கொண்டவர்களுக்கு வந்த முதல் குளிர்காலமே கொடுமை. 1940 ஜனவரியில் தேம்ஸ் நதியில் பனிக்கட்டி படிந்தது. அடுத்த வருஷம், 1941 ஜூன் 1, துணிக்கும் ரேஷன். விஷயம் வெளியே கசியாமலிருக்க, உணவு ரேஷன் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்ஜரின் கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். அதுவும் பிறகு குறைந்தது. பெண்களின் கம்பளிக் கவுனுக்கு 11, காலுறைக்கு 2. பின்னல் நூல் 2 அவுன்ஸுக்கு ஒன்று. நாய்க்குக் கூப்பனே கிடையாது. அதுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மனிதர்கள் கழித்ததிலிருந்துதான் வரவேண்டும்.

கழிப்பது லேசில் நடக்கவும் இல்லை. 1943இல் அரசு வெளியிட்ட ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ கையேடு, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது எப்படி என்று மக்களுக்குப் பாடம் எடுத்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருள் நிமிரக் காயவைத்து, மறுபடி பின்னுவார்கள். அப்பாவின் ஸ்வெட்டர் மகனுக்குப் போகும், அப்புறம் குழந்தையின் தொப்பியாகும். பிரிக்கவே முடியாமல் போனது, வெந்நீரில் சுருங்கி அட்டை மாதிரி கெட்டியானது, இந்த வகைதான் நாயின் பங்கு.

கெட்டியான கம்பளி நாய்க்கு நல்லதும்கூட. வெட்டினால் இழை ஓடாது. சாதாரணப் பின்னல் அப்படியில்லை, ஒரு கண்ணி அறுந்தால் கீழே வரை ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போகும். அதனால் வெட்டப்போகும் கோட்டைச் சுற்றி முதலில் தையல் போட்டுவிட வேண்டும். மற்றபடி ஸ்வெட்டரின் கை ஏற்கெனவே ஒரு குழாய். மணிக்கட்டில் இழுபடும் பட்டை கழுத்தாகும், தோள் பக்கம் அகலமாக இருப்பதால் அது இடுப்புக்கு. முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை. வயிற்றுப் பக்கம் மட்டும் குட்டையாக வெட்ட வேண்டும். ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. லண்டன் தூறலுக்கு அது போதும்.

இதையெல்லாம் படிக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும், வந்தே தீரும். அதே வருஷங்களில் ஜப்பானியர் ஆட்சியில் இங்கே மலாயாவில் துணி கிடையாது. தோட்டத்தில் நம் ஆட்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்தத் தோட்டங்களில் பலவற்றின் முதலாளிக் கம்பெனிகள் இருந்தது லண்டனில். லண்டன் நாயின் முதுகில் இருந்த கம்பளி யாரிடமிருந்தும் பிடுங்கியது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல நான் தயாராக இல்லை.

போர் 1945இல் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. 1947இன் தொடக்கத்தில் கடும் பனி, போதாக்குறைக்கு நிலக்கரித் தட்டுப்பாடு. துணி ரேஷன் 1949 மார்ச்சில்தான் நீங்கியது.

இன்றைக்குக் கடையில் வாங்கும் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விலை மலிவான பலவற்றில் பின்னிய துணியை வெட்டி, ஓரத்தை மெஷினில் ஓவர்லாக் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டு நூல்தான் வரும், மறுபடி பின்ன ஆகாது. அக்ரிலிக்காக இருந்தால் வெந்நீரில் போட்டாலும் கம்பளி மாதிரி கெட்டியாகாது. ஓரத்தைத் தைத்துவிட்டு கையை அப்படியே வெட்டி எடுத்து, ஏதாவது குளிர் நாட்டில் ஒரு சின்ன நாய்க்கு மாட்டிவிடலாம்.