தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் ஒப்பந்தத் தூய்மைப்பணி: சென்னை முதல் பொம்மையார்பாளையம் வரை

மரக்காணத்து உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் நிறைந்ததும் உப்பு வாரியவர்கள் வேறு கூலி தேடிப் போவார்கள். அந்த இடைக்காலத்துக்கென்றே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரிக்குச் சற்று முன்னால், வானூர் ஒன்றியத்தில் பொம்மையார்பாளையம் ஊராட்சி இருக்கிறது. ஊராட்சிகளில் வீடுவீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலருக்கு மழையென்றும் வெயிலென்றும் வேலை நிற்பதில்லை. உப்பு வாரும் வேலை பருவத்தோடு முடிகிறது. குப்பை அள்ளும் வேலைக்கு முடிவே இல்லை. ஆனாலும் தூய்மைக் காவலரின் பெயர் எந்த நிரந்தரப் பணியாளர் பட்டியலிலும் ஏறவில்லை.

நிற்காத ஒரு வேலைக்கு நிலையில்லாத ஆட்களை வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எப்படி உருவானது? இதன் வரலாறு பெரும்பாலும் சென்னை மாநகராட்சியில் நடந்தது; பிறகு நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று கீழிறங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்த இடம் மாறவில்லை, வேலை வாங்கியவர் மாறவில்லை, வேலை செய்தவர்களின் சாதியும் பெரிதாக மாறவில்லை. அருந்ததியரும் ஆதிதிராவிடருமே அன்றும் இன்றும் துடைப்பம் பிடிக்கிறார்கள். மாறியது சம்பளம் கொடுப்பவரின் பெயர் மட்டும். அந்தப் பெயர் மாற்றம்தான் தொழிலாளியின் உரிமைகளையெல்லாம் கரைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்கட்டத்தில் இடையாள் இல்லை. உள்ளாட்சிகள் நிரந்தரப் பணியாளர்களை வைத்திருந்தன. போதாத இடத்தில் மஸ்டர் ரோல் எழுதித் தினக்கூலிக்கு ஆள் எடுத்தன. தினக்கூலி ஆள் சில ஆண்டுகளில் தொகுப்பூதியத்துக்கு வருவார், பிறகு காலமுறை ஊதியத்துக்கு ஏறுவார். அந்த ஏணி மெதுவானது, அவமானங்கள் நிறைந்தது. ஆனாலும் ஏறக்கூடியதாக இருந்தது. 1981இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பணிநிரந்தரச் சட்டம் 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. அது தொழில் நிறுவனங்களுக்கான சட்டம். உள்ளாட்சித் தொழிலாளர்களும் இன்றுவரை அதையே பற்றிக்கொண்டு வழக்காடுகிறார்கள். நாட்களை எண்ணி உரிமை தரும் சட்டம் வந்தபின் அந்த எண்ணிக்கையைக் கலைப்பதில் நிர்வாகத்துக்கு அக்கறை பிறந்தது. ஒரே ஆளை வேறு வேறு முதலாளியின் கீழ் காட்டினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

மத்திய அரசின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இந்த வழியை அடைக்கவே வந்தது. அதன் 10ஆம் பிரிவு, ஆண்டு முழுதும் நடக்கிற, நிறுவனத்துக்கு இன்றியமையாத வேலைகளில் ஒப்பந்தமுறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. 21ஆம் பிரிவின்படி ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தரவேண்டியிருந்தது. முந்தைய 12 மாதங்களில் 120 நாளுக்கு மேல் நடந்த வேலையைத் விட்டுவிட்டு நடக்கும் வேலை என்று சொல்லித் தப்ப முடியாது என்றுகூட அது வரையறுத்தது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெருப்பெருக்கும் வேலையில் ஒப்பந்தமுறைக்கு இடமே இருந்திருக்கக் கூடாது. ஆனால் சட்டம் தானாகத் தடைசெய்யவில்லை. தடைசெய்யும் அதிகாரத்தை அரசிடம் விட்டது. ஒப்பந்தத்தால் செலவைக் குறைத்துக்கொள்வதும் அந்த அரசும் அதன் உள்ளாட்சிகளும்தான். சட்டத்தின் மையத்திலேயே இருந்த இந்த ஓட்டை போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

நீதிமன்றங்களின் போக்கும் ஒரே திசையில் செல்லவில்லை. 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், இடையில் நிற்கும் ஒப்பந்ததாரர் என்ற திரையை விலக்கி உண்மையான முதலாளி யார் என்று பார்க்க வேண்டும் என்றார். 1996இல் ஏர் இந்தியா வழக்கின் தீர்ப்பு, ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டால் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை முதலாளியின் பணியாளர் ஆவார்கள் என்றது. ஐந்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அரசியல்சாசன அமர்வு அதைத் தள்ளியது. 2006 ஏப்ரலில் வந்த உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வின்றி வந்தவர் நிரந்தரம் கேட்க முடியாது என்று கதவைச் சாத்தியது.

சென்னையில் நடந்தவற்றை இந்தத் தேதிகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் மாநகராட்சி தன் மண்டலங்களில் மூன்றின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனத்துக்கு அள்ளிய டன் கணக்கில் பணம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்ததும் அதே ஆண்டில்தான். உள்ளாட்சிகளின் கடமை கூடிய நேரத்தில் ஆளெடுப்பு சுருங்கியது. 2001 நவம்பரில் மாநில அரசு காலியிடங்களை நிரப்புவதற்குப் பொதுத்தடை விதித்தது. தடை 2006இல் நீங்கியது; ஆனால் அந்த ஆண்டுகளில் ஓய்வுபெற்றவர்களின் இடம் வெற்றிடமாகவே இருக்க, வெளியிலிருந்து ஆள் பெறுவது பழக்கமாகிவிட்டது. 2007இல் ஓனிக்ஸ் போய் நீல் மெட்டல் பனால்கா வந்தது, 2012இல் ராம்கி. 2020இல் அர்பேசர் சுமீத் ஏழு மண்டலங்களை எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகைகள் மாறின, கீழே வேலை செய்தவர்களில் பலர் ஒரு நிறுவனத்தின் சட்டையைக் கழற்றி அடுத்த நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டவர்கள்.

தனியாரிடம் போகாத மண்டலங்களிலும் நேரடி ஆளெடுப்பு திரும்பவில்லை. 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கூடுதல் ஆட்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியே, சுயஉதவிக் குழு உறுப்பினர்கள் என்ற பெயரில் வந்தார்கள். நகர்ப்புற ஏழைகளின் வாழ்வாதாரத்துக்காக ஏற்பட்ட திட்டம் அது. அதையே மாநகராட்சி ஆள் வழங்கும் ஏற்பாடாக்கிக்கொண்டது. வருகையைப் பதிந்ததும் தெருவை ஒதுக்கியதும் மாநகராட்சி மேற்பார்வையாளர். தாமதமாக வந்தால் திட்டியதும் அவரே. ஏட்டில் மட்டும் அந்தப் பெண் தன் குழுவுக்கு உழைத்தாள். கிருஷ்ணய்யர் சொன்ன திரை இதைவிட மெல்லியதாக எங்கும் இருந்திருக்க முடியாது.

ஆள் வழங்கும் ஒப்பந்தத்தின் கணக்கையும் பார்க்கலாம். உள்ளாட்சி டெண்டர் விடுகிறது. குறைந்த தொகை குறித்தவருக்குப் பணி. குறைந்தபட்சக் கூலி, 12 விழுக்காட்டு வைப்புநிதிப் பங்கு, 3.25 விழுக்காட்டு ஈ.எஸ்.ஐ. பங்கு ஆகியவை சட்டத்தால் நிர்ணயமானவை. அவற்றில் போட்டி போட முடியாது. போட்டிக்கு மீதியிருப்பது சேவைக் கட்டணம் மட்டும். அதில் மிகக் குறைத்துக் கேட்டு வெல்லும் நிறுவனம் தன் லாபத்தை எங்கே தேடும்? ஆள் குறைப்பிலும், விடுப்பு நாள் கூலியிலும், கையுறை, காலணியிலும்தான் மிச்சம் பிடிக்க முடியும். எந்த முதலாளியின் குணத்தையும் குறை சொல்லத் தேவையில்லை. டெண்டரின் அமைப்பே அந்த முடிவுக்குத் தள்ளுகிறது.

2022 அக்டோபரில் வந்த 152ஆம் எண் அரசாணை, சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளின் பணியிடங்களைத் திருத்தி அமைத்தது. வெளிமுகமை வழியே ஆளெடுப்பது அதன்பின் விதியாகவே ஆனது என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2025இல் இந்த முறை சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களுக்கு வந்தது. பத்தாண்டு உழைத்தவர்களை ராம்கி குழும நிறுவனத்திடம் போய்ச் சேரச் சொன்னார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கிய கூலி 16,000 அளவுக்கு இறங்கும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. மறுநாள் அமைச்சரவை காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது உணவல்ல, பணிநிரந்தரம். அந்தக் கோரிக்கைக்கு அரசின் பதில் அந்த அறிவிப்பில் இல்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது என்பதற்கு மும்பை சான்று. அங்கே மாநகராட்சி துப்புரவாளர்களைத் தொண்டர்கள் என்றே ஏட்டில் எழுதி, தொண்டு நிறுவனங்கள் வழியே கூலி தந்தது. கச்சரா வாகதூக் சிரமிக் சங்கம் தொழில் தீர்ப்பாயத்தில் தொடங்கிய வழக்கில் 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் 2,700 பேரின் நிரந்தரத்தை உறுதிசெய்தது. காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கில் 2025 ஜனவரியில், நீண்டகாலம் வேலை வாங்கிவிட்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இவ்விரு வழக்குகளிலும் வென்றது தினசரி மேற்பார்வை யார் கையில் இருந்தது என்ற எளிய சாட்சியம்.

இனி பொம்மையார்பாளையம். அதன் அண்டையிலுள்ள கோட்டக்குப்பம் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. பொம்மையார்பாளையம் ஊராட்சியாகவே நிற்கிறது. கடற்கரைக்கு வரும் பயணிகளின் குப்பை இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. கூலியோ எல்லையைப் பார்த்தே நிர்ணயமாகிறது. ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் முதலில் நூறுநாள் வேலைத்திட்டத்தின் வழியே வந்தவர்கள். மாத மதிப்பூதியம் 2,600 ரூபாயிலிருந்து 3,600 ஆகி, 5,000 ஆனது. அதைத் தருவது ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு. சென்னையில் சுயஉதவிக் குழு நின்ற இடத்தில் இங்கே கூட்டமைப்பு நிற்கிறது. அதன் பெண்களும் ஏழைகளே, லாபம் எடுக்கவில்லை. ஆனால் தொழிலாளியின் கண்ணிலிருந்து முதலாளியை மறைக்கும் வேலையை அந்த அமைப்பும் செய்துவிடுகிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தமுறையைத் தடைசெய்கிறது. கூடவே துப்புரவை மையப் பணியல்ல என்று ஒதுக்குகிறது, அந்த நிறுவனமே துப்புரவுக்காக அமைந்ததாக இருந்தாலொழிய. இங்கே வாதத்துக்கு இடம் உண்டு. அரசியல்சாசனத்தின் 12ஆவது அட்டவணை நகராட்சிகளின் பணிகளில் பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது. ஊராட்சிகளுக்கு 11ஆவது அட்டவணை சுகாதாரத்தையும் துப்புரவையும் குறிக்கிறது. துப்புரவு உள்ளாட்சியின் மையப் பணி இல்லையென்றால் வேறெது என்ற கேள்வியைச் சென்னைத் தொழிலாளி எழுப்ப முடியும். பொம்மையார்பாளையத்துக் காவலருக்கு அந்த வழியும் இல்லை. 1970ஆம் ஆண்டின் பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்குப் பொருந்தியது; புதிய தொகுப்பு அந்த வரம்பை 50 ஆக்கிவிட்டது. ஓர் ஊராட்சியில் 50 தூய்மைக் காவலர்கள் இருப்பது அரிது. ஊராட்சிகளை ஒன்றிய அளவில் ஒரே நிறுவனமாகக் கணக்கெடுக்க மாநில அரசு விதி செய்தாலன்றி, வானூர் ஒன்றியத்தின் அத்தனை காவலர்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பார்கள்.