உவர்த்த கிணறுகள்: சௌராஷ்டிரக் கடற்கரையின் வரலாறு

பம்பாயில் வாழும் நேயர்கள் போர்பந்தர்க் கல்லைக் கண்டிருப்பார்கள். நகரின் பழைய மாளிகைகள் பலவற்றில் வெளிர் மஞ்சளாய்த் திகழும் கல் அது. அறுப்பதற்கு எளிது, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல். சௌராஷ்டிரத்தின் தென்கரையில் நிலத்தடியே பரந்து கிடப்பதும் இக்கல்லினமே. மழைநீரை அது விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். கிணறு வெட்டியவர்க்குத் தாராளமாகத் தரும். கடல்நீருக்கும் அதே வழி திறந்திருந்தது.

சோர்வாட், ஊனா முதலிய ஊர்களையுடைய இக்கரையை அந்நாட்டார் 'லீலி நாகேர்', அதாவது பசிய நாகேர், என்று அழைத்தனர். சோர்வாட் வெற்றிலைக்குக் குஜராத்தில் தனிப் பெயர் உண்டு. தென்னையும் மாவும் செழித்தன. நம் ஊர்க் கவலையைப் போலவே, அங்கும் எருதுகள் தோற்சாலால் நீர் இறைத்தன. 'கோஸ்' என்பது அதன் பெயர். எருதுக்கு ஓய்வு வேண்டும். அவ்வேளையில் கிணறும் ஊறிக்கொண்டது.

அப்போது தனி ராஜ்யமாக விளங்கிய சௌராஷ்டிரத்தில், 1951-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகை உழவர் பலரை நிலவுடைமையாளர் ஆக்கிற்று. நிலம் தமதான பின், கிணற்றை ஆழப்படுத்தவும் எண்ணெய் எஞ்சின் வாங்கவும் மனம் எழுவது இயல்பே. ராஜ்கோட்டுத் தொழிற்கூடங்கள் எஞ்சின்களைச் செய்து தந்தன. இவற்றுள் எதையும் குற்றமென்று கூற என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் எஞ்சின் இரவும் பகலும் இறைக்கும்.

நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆதலால் கரையோர நிலத்தடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. டச்சுக்காரரான பாடோன் கைபன் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே இதன் கணக்கை வெளியிட்டனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், அதன் கீழ் சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீரே இருக்கும். மேலே அந்த 1 மீட்டர் குறையுமானால், நாளடைவில் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் எழும்பும். கிணற்றங்கரையில் நிற்கும் உழவர் கண்ணுக்குத் தெரிவது மேலே குறைந்த 1 மீட்டர் மட்டுமே.

1970-களில் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக உவர்த்தன. குஜராத் அரசு 1976-இல் ஓர் உயர்நிலைக் குழுவை நியமித்து, ஊனா முதல் மாதவபூர் வரையிலான கரையை ஆராயச் செய்தது. 1978-இல் மற்றொரு குழு அமைந்தது. ஆற்று முகங்களில் கடலேற்றத்தைத் தடுக்கும் மதகுகளும், 'பந்தாரா' எனப்படும் சிற்றணைகளும், மழைநீரை நிலத்துள் இறக்கும் ஏரிகளும் எழுந்தன. இறைப்பைக் குறைக்கவேண்டும், பயிரை மாற்றவேண்டும் என்ற யோசனைகளும் உடனிருந்தன. அணை கட்டக் கொத்தனார் கிடைப்பார். அண்டை வயலில் ஓடும் எஞ்சினை நிறுத்தச் சொல்ல யார் போவது?

1985 முதல் 1987 வரை நீடித்த வறட்சிக்குப் பின்னரே, சௌராஷ்டிர உழவர் வேறொரு வழியைப் பெருமளவில் கைக்கொண்டனர். வயலில் ஓடும் மழைவெள்ளத்தை வடிகட்டித் தம் கிணற்றுக்குள்ளேயே விட்டனர். பாண்டுரங்க சாஸ்திரி அடவலேயின் ஸ்வாத்யாய இயக்கத்தினர் இதை ஊர் ஊராகப் பரப்பினர். கல்லின் துளைகளில் புகுந்த உப்போ ஒரு மழைக்காலத்தில் கழுவப்படுவதன்று. ஆகவே ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே வடிகுழியைத் தூர்வாரி, மணலும் சரளையும் புதிதாக இடவேண்டும்.